உபயம் வேற, ஸ்பான்சர் வேற: சின்ன ரேஸ் சீரிஸுக்குப் பணம் திரட்டும் கணக்கு

நம்ம ஊர் கோயில் மண்டபத்து டியூப்லைட்டைப் பார்த்திருப்பீங்க. வெளிச்சம் வர்ற இடத்தையே மறைச்சு "உபயம்" என்று போட்டு, கொடுத்தவர் பெயர், கடை, ஊர் எல்லாம் எழுதியிருக்கும். அதனால கடைக்கு எத்தனை வாடிக்கையாளர் வந்தாங்கன்னு உபயதாரர் யாரிடமும் கணக்குக் கேட்க மாட்டார். புண்ணியம் கிடைச்சது, பெயரும் நின்னது, போதும்.

ஸ்பான்சர் அப்படி இல்லை. அவர் கொடுக்கிறது விளம்பரச் செலவு. அந்தப் பணத்துக்கு என்ன திரும்பி வந்ததுன்னு பார்ப்பார். இந்த ஒரு வித்தியாசம் புரியாமல்தான் பல நல்ல குழுக்கள் முப்பது பக்க பிடிஎஃப் தயார் பண்ணி, ஐம்பது கம்பெனிக்கு அனுப்பி, ஒரு பதிலும் வராமல் சோர்ந்து போறாங்க.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடின. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் போட்டியில் அஜித்தோட அணி தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடிச்சது. இதையெல்லாம் பார்த்துட்டு ஆபீஸ் நண்பர்கள் பத்து இருபது பேர் வார இறுதியில் வாடகைக் கார்ட் ஓட்டப் போறாங்க. ரெண்டு மூணு தடவை போனதும் ஒருத்தர் சொல்வார்: "இதையே பாயின்ட்ஸ் டேபிள் போட்டு ஆறு ரவுண்டு சீரிஸா நடத்தலாமே! ஒரு ஸ்பான்சர் பிடிச்சா போதும்." ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கடைசி வரியைக் கணக்குப் போட்டுப் பார்க்கணும். ஏன்னா, கணக்கு தப்பினால் இழப்பு சீரிஸோட நிற்காது. உங்க சம்பளக் கணக்குக்கும், உங்க பான் எண்ணுக்கும் வந்து சேரும்.

முதலில் ஓட்டையை அளந்து பாருங்க

ஒரு உதாரணக் கணக்கு. 20 பேர், 6 ரவுண்டு. உங்க ஊர் ரேட் வேறயா இருக்கும். எண்களை மாத்திக்கோங்க, முறையை மட்டும் பிடிச்சுக்கோங்க.

ஒரு ரவுண்டுக்கு:
- கார்ட், ட்ராக் வாடகை (ஒருவருக்கு ₹2,500): ₹50,000
- ஆம்புலன்ஸ், முதலுதவி: ₹8,000
- கோப்பைகள்: ₹5,000
- போட்டோ, வீடியோ: ₹9,000
- இன்ஷூரன்ஸ், பேனர், இதர செலவு: ₹8,000
- மொத்தம்: ₹80,000

நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு ₹3,000 வெச்சா, வரவு ₹60,000. ரவுண்டுக்கு ₹20,000 துண்டு விழுது. ஆறு ரவுண்டுக்கு ₹1,20,000. "சரி, இதுக்குத்தான் ஸ்பான்சர்"னு தோணும். கொஞ்சம் நில்லுங்க.

கார்ட் வாடகை போனால் ஒவ்வொரு ஓட்டுநரிடமிருந்தும் உங்களுக்கு மிஞ்சுவது ₹500 மட்டும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற நிலையான செலவு ₹30,000. மூணாவது ரவுண்டில் 14 பேர்தான் வந்தாங்கன்னா துண்டு ₹23,000 ஆகிடும். அதே சமயம் "அடுத்த மாசம் தர்றேன்"னு சொன்ன ஸ்பான்சர் போனை எடுக்கலைன்னா? ட்ராக்குக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, ரத்து பண்ண முடியாது. அப்போ யாரோ ஒருத்தர் கிரெடிட் கார்டைத் தேய்ப்பார். மாதம் 3.5% வட்டின்னா ஆண்டுக்கு 42%. நட்பும் சேர்ந்து தேயும்.

அதனால என்னோட முதல் ஆலோசனை: நுழைவுக் கட்டணத்தை ₹4,000 வெச்சு, ஸ்பான்சரே இல்லாமல் வரவும் செலவும் சமமாகிற மாதிரி சீரிஸை அமைங்க. ஆறு ரவுண்டு அதிகம்னா மூணு ரவுண்டு போதும். வீடியோகிராஃபர் செலவு அதிகம்னா நண்பரோட மொபைல் போதும். ஆம்புலன்ஸையும் இன்ஷூரன்ஸையும் மட்டும் குறைக்காதீங்க. ஸ்பான்சர் வந்தால் அந்தப் பணத்தில் கட்டணத்தைக் குறைங்க, பரிசைக் கூட்டுங்க. ஸ்பான்சர் பாதியில் போனாலும் சீரிஸ் நிற்கக் கூடாது. தானாக ஓடுற வண்டியில் ஏறத்தான் எல்லாரும் விரும்புவாங்க. தள்ளிவிடக் கூப்பிட்டால் வர மாட்டாங்க.

யாரிடம் கேட்கணும்?

எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வர்றது எம்ஆர்எஃப், ஜேகே டயர், டிவிஎஸ். இந்தப் பெயர்களை ரேஸ் கார்களிலும் பைக்குகளிலும் பார்த்துப் பழகியிருக்கோம். ஆனால் அவங்க நடத்துற விதத்தைக் கவனிங்க. டிவிஎஸ் 1994 முதல் ஒன் மேக் சாம்பியன்ஷிப் நடத்துது. எல்லாரும் அதே கம்பெனி பைக்கைத்தான் ஓட்டணும். அதாவது அந்தப் போட்டியே அந்த பைக்குக்கு விளம்பரம். சொந்தமா மேடை வெச்சிருக்கிறவர் உங்க மேடைக்கு வாடகை கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. 20 பேர் சீரிஸுக்கு அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உங்க 20 ஓட்டுநர்கள் யாருன்னு பாருங்க. 25 முதல் 35 வயசு, மாதச் சம்பளம், சொந்த கார் அல்லது பைக், வண்டி மேல கொஞ்சம் பைத்தியம். இவங்களை வாடிக்கையாளரா பிடிக்க யார் ஏற்கெனவே பணம் செலவு பண்றாங்க? கார் டீடெய்லிங் கடை, அலாய் வீல், டயர் டீலர், ஹெல்மெட், ரைடிங் ஜாக்கெட் விற்கிறவர், மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப், பிசியோதெரபி கிளினிக், ட்ராக் போற வழியில் இருக்கிற உணவகம். முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கிற கடைகள். ஒரு மணி நேரப் பேச்சில் முடிவு தெரிஞ்சிடும்.

இப்போ அவர் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுங்க. டீடெய்லிங் கடைக்காரரிடம் ₹20,000 கேட்கிறீங்க. அவரோட சராசரி பில் ₹15,000, அதில் அவருக்கு நிற்கிறது 40%, அதாவது ₹6,000 என்று வெச்சுக்கலாம். நாலு புது வாடிக்கையாளர் வந்தால் போட்ட பணம் திரும்பிடும். அப்போ அவரிடம் போய் "உங்க லோகோவைப் பெரிசா போடுறோம் அண்ணா"ன்னு சொல்றதில் பிரயோஜனம் இல்லை. "எங்க 20 பேருக்கும் அவங்க நண்பர்களுக்கும் ஒரு தள்ளுபடி கோடு தர்றோம். எத்தனை பேர் அதோட வந்தாங்கன்னு நீங்களே எண்ணிப் பார்க்கலாம்"னு சொல்லுங்க. அடுத்த சீசனும் அவர் வருவாரா இல்லையான்னு முடிவு பண்ணப் போறது அந்த எண்ணிக்கைதான்.

₹1,20,000 வேணும்னா ஒருத்தர் தலையில் கட்டாதீங்க. ஒரு முதன்மை ஸ்பான்சர் ₹60,000, மூணு பேர் தலா ₹20,000. ஒரு தொழிலுக்கு ஒருத்தர்தான்னு உறுதி கொடுங்க. ரெண்டு டயர் கடையை ஒரே பேனரில் போட்டால் ரெண்டு பேருமே அடுத்த வருஷம் கிடையாது.

நேரமும் முக்கியம். கம்பெனிகள் ஏப்ரலில் தொடங்குற நிதியாண்டுக்கான விளம்பர பட்ஜெட்டை அதுக்கு முன்னாடியே போட்டுடுவாங்க. ஜனவரி, பிப்ரவரியில் போய்ப் பேசுங்க. வண்டி சார்ந்த கடைகளுக்கு ஆயுத பூஜை, தீபாவளி சமயத்தில்தான் செலவு பண்ண மனசு வரும். அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி போங்க.

கையில் ஒரே ஒரு பக்கம் போதும்: என்ன சீரிஸ், எங்கே, எந்தத் தேதிகள், எத்தனை பேர், போன சீசன் போட்டோ ரெண்டு, அவருக்கு என்ன கிடைக்கும், எவ்வளவு, எப்போ கொடுக்கணும். பார்வையாளர் எண்ணிக்கையை ஊதிப் பெருக்காதீங்க. 60 பேர் வந்தாங்கன்னா 60 என்றே எழுதுங்க. ஸ்பான்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து நின்னால் ரெண்டு நிமிஷத்தில் எண்ணிடுவார்.

யாரிடம் வாங்கக் கூடாது?

1968இல் லோட்டஸ் அணி தன் ஃபார்முலா 1 காரையே கோல்டு லீஃப் சிகரெட் பெட்டியின் நிறத்துக்கு மாத்திச்சு. அப்புறம் பல வருஷம் ரேஸ் உலகம் புகையிலைப் பணத்தில் ஓடிச்சு. இன்னைக்கு இந்தியாவில் அது நடக்காது. 2003ஆம் ஆண்டு புகையிலைப் பொருட்கள் சட்டம் அந்த விளம்பரத்தையும் ஸ்பான்சர்ஷிப்பையும் தடை செய்யுது. பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் கேம்களுக்கு விளம்பரம் செய்றதையும் 2025இல் வந்த சட்டம் தடை செய்யுது. அந்தச் சட்டம் வந்ததும்தான் ட்ரீம்11 இந்திய கிரிக்கெட் அணியின் ஸ்பான்சர் இடத்திலிருந்து விலகியது. சின்ன சீரிஸ்தானே, யார் கவனிக்கப் போறாங்கன்னு நினைக்காதீங்க. வீடியோ இணையத்தில் நிரந்தரமா இருக்கும்.

இன்னொரு வழக்கமான யோசனை: "பெரிய கம்பெனியோட சிஎஸ்ஆர் பணத்தைக் கேட்கலாமே?" சிஎஸ்ஆர் பட்டியலில் விளையாட்டுப் பயிற்சி இருக்கு, உண்மை. ஆனால் தன் பொருளுக்கு விளம்பரப் பயன் கிடைக்கிற மாதிரி ஸ்பான்சர் செய்ற செலவு சிஎஸ்ஆர் ஆகாதுன்னு விதியிலேயே இருக்கு. லோகோவும் போட்டு, சிஎஸ்ஆர் கணக்கிலும் எழுத முடியாது. கம்பெனி செக்ரட்டரி முதல் வரியிலேயே நிறுத்திடுவார்.

பணம் யார் பெயரில் வருது?

இதுதான் சம்பளக்காரங்க ரொம்பக் கவனிக்க வேண்டிய இடம். "இப்போதைக்கு என் ஜிபே நம்பருக்கே அனுப்பச் சொல்லுங்கப்பா"ன்னு ஒரு நல்ல மனசுக்காரர் சொல்வார். அந்த நல்ல மனசுக்காரர் நீங்களா இருந்தால் என்ன ஆகும்னு பாருங்க.

முதன்மை ஸ்பான்சர் ஒரு கம்பெனின்னா ₹60,000 அப்படியே வராது. ஸ்பான்சர்ஷிப் என்பது விளம்பர வேலைக்கான ஒப்பந்தம்னு வருமான வரித்துறை 1995லேயே சுற்றறிக்கையில் சொல்லியாச்சு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 194சி என்று நாம பழகின ஒப்பந்ததாரர் டிடிஎஸ் இது. ஒரு பில் ₹30,000க்கு மேல போனாலோ, ஆண்டு மொத்தம் ₹1,00,000க்கு மேல போனாலோ, தனிநபருக்கு 1%, மற்றவங்களுக்கு 2% பிடிப்பாங்க. உங்க பெயரில் வந்தால் ₹600 பிடிச்சு ₹59,400 வரும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறுது. எண்ணை மனப்பாடம் பண்ணாதீங்க, விஷயத்தைப் புரிஞ்சுக்கோங்க.

₹600 பெரிசில்லை. ஆனால் அது உங்க 26ஏஎஸ், ஏஐஎஸ் ரெண்டிலும் "ஒப்பந்த வருமானம்"னு ஏறிடும். அதுக்கப்புறம் வழக்கமா போடுற ஐடிஆர்-1 போட முடியாது. தொழில் வருமானம் காட்டுற ஐடிஆர்-3 அல்லது ஐடிஆர்-4 போடணும். ஐடிஆர்-4 சுலபம்னு நினைச்சு, நுழைவுக் கட்டணமும் ஸ்பான்சர் பணமும் சேர்ந்து வந்த ₹4,80,000க்கு உத்தேச லாபம் காட்டினா, டிஜிட்டல் வரவுக்கு 6%, அதாவது ₹28,800 லாபம்னு ஒத்துக்கிட்ட மாதிரி. 20% ஸ்லாபில் இருக்கிறவருக்கு செஸ் சேர்த்து சுமார் ₹6,000 வரி. ஒரு ரூபாய்கூட மிஞ்சாத சீரிஸுக்கு! உண்மையான லாபம் பூஜ்யம்னு காட்டணும்னா கணக்குப் புத்தகமும் பில்களும் வெச்சு ஐடிஆர்-3 போடணும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விளைவும் இருக்கு. சம்பளம் மட்டும் இருக்கிறவர் ஒவ்வொரு வருஷமும் பழைய வரிமுறை, புதிய வரிமுறை ரெண்டில் எது லாபமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அந்தச் சுதந்திரம் சுருங்கிடும். பழைய முறைக்குப் போயிட்டுப் புதிய முறைக்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கிற வரைக்கும் மறுபடி பழைய முறைக்குப் போக முடியாது. வீட்டுக் கடன் வட்டிக்காகப் பழைய முறையில் இருக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிங்க.

கூடவே உங்க ஆஃபர் லெட்டரையும் எடுத்துப் பாருங்க. வெளித்தொழில் கூடாதுன்னு ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். எச்ஆரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினால் நிம்மதி.

அப்போ என்ன வழி?

ஒரு சீசன் சோதனைக்கு: ஸ்பான்சர் வேண்டாம். நுழைவுக் கட்டணம் மட்டும். அதையும் ஒருத்தர் கையில் குவிக்காமல், முடிஞ்சவரை ஒவ்வொருத்தரும் வாடகையை நேரடியா ட்ராக்கிலேயே கட்டட்டும். பொதுச் செலவுக்கு வாங்குற பணத்துக்கு ஒரு ஷீட், எல்லாரும் பார்க்கிற மாதிரி.

ரெண்டாவது சீசன், ஸ்பான்சரோட: சீரிஸுக்குத் தனி உருவம் கொடுங்க. தமிழ்நாட்டில் ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கம் பதிவு பண்ணலாம். ரெண்டு பேர் போதும்னா கூட்டாண்மை நிறுவனம். தனி பான், தனி வங்கிக் கணக்கு, ரெண்டு பேர் கையெழுத்து. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு அவசரப்படாதீங்க. ரேஸ் நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் பண்ணணும். தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளுக்கு ₹100 அபராதக் கட்டணம்.

ஜிஎஸ்டி பக்கம்: சேவைக்கு ஆண்டு வரவு ₹20 லட்சம் தாண்டினால்தான் பொதுவா பதிவு தேவை. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போட்டு வாங்கவே கூடாது. ஆனால் ஸ்பான்சர்ஷிப்பில் ஒரு தனி விதி இருக்கு. ஸ்பான்சர் ஒரு கம்பெனியோ கூட்டாண்மை நிறுவனமோ என்றால், பணம் வாங்குறவர் கம்பெனியா இல்லாத பட்சத்தில், 18% ஜிஎஸ்டியை ஸ்பான்சரே ரிவர்ஸ் சார்ஜில் கட்டணும். ₹60,000க்கு ₹10,800. வாங்குறவர் கம்பெனியா இருந்தால் 2025 ஜனவரி 16 முதல் அவரே வசூலிச்சுக் கட்டணும். ரெண்டிலும் ஸ்பான்சருக்கு இன்புட் கிரெடிட் தகுதி இருந்தால் அந்தத் தொகையைத் திரும்ப எடுத்துக்கலாம். இதைப் பேச்சின் ஆரம்பத்திலேயே சொல்லிடுங்க. கடைசி நாளில் அவரோட ஆடிட்டர் சொல்லித் தெரிஞ்சால், "நீங்க ₹60,000னுதானே சொன்னீங்க"ன்னு முகம் மாறிடும்.

பொருளா வாங்கினாலும் கணக்கு உண்டு. ₹50,000 மதிப்புள்ள ஹெல்மெட்டுகளை "ஃப்ரீயா" கொடுத்து லோகோ போடச் சொன்னால் அது இலவசம் இல்லை, பண்டமாற்று. தொழில் சார்ந்து ஒருத்தருக்குக் கிடைக்கிற பலன் ஆண்டுக்கு ₹20,000 தாண்டினால் 10% டிடிஎஸ் வரலாம். எது வந்தது, என்ன மதிப்பு, யாரிடம் இருக்குன்னு ஒரு பதிவேடு வெச்சுக்கோங்க.

ரெண்டு பக்க ஒப்பந்தம்

வாட்ஸ்அப்பில் "ஓகே ப்ரோ" என்பது ஒப்பந்தம் இல்லை. ரெண்டு பக்கம் போதும், இவை மட்டும் கட்டாயம் இருக்கணும்:

- தொகை, தேதி. சின்னத் தொகை முழுசா முதல் ரவுண்டுக்கு முன்னாடி. பெரிய தொகை 60:40.
- லோகோ எங்கே, என்ன அளவில், எத்தனை ரவுண்டு, எத்தனை பதிவு.
- மழையால் ரவுண்டு ரத்தானால் என்ன? வேறு தேதியா, பணம் திரும்பவா?
- விபத்து நடந்தால் ஸ்பான்சருக்குப் பொறுப்பு இல்லைங்கிற வரி. அவர் கேட்கிற முதல் கேள்வியே இதுவாத்தான் இருக்கும்.
- பில்லில் "ஸ்பான்சர்ஷிப் கட்டணம்" என்றே இருக்கணும், "நன்கொடை" என்று வேண்டாம். நன்கொடைன்னு எழுதினால் அவருக்கு விளம்பரச் செலவாக் கழிக்கிறதில் சிக்கல். 80ஜி சலுகையும் உங்களால் கொடுக்க முடியாது.

இன்ஷூரன்ஸையும் தெளிவாப் பேசிடுங்க. உங்க கார், பைக் பாலிசி பந்தயத்துக்குச் செல்லாது. மெடிக்கல் பாலிசியில் மோட்டார் ரேஸ் உள்ளிட்ட சாகச விளையாட்டுகளில் தொழில்முறையா கலந்துகிட்டு அடிபட்டால் கிளெய்ம் இல்லைன்னு ஒரு விலக்கு வழக்கமா இருக்கும். நீங்க அமெச்சூர்தான். ஆனால் பரிசுப் பணமும் ஸ்பான்சரும் வந்தப்புறம் அந்தக் கோடு எங்கேன்னு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்க. போட்டிக்கு எஃப்எம்எஸ்சிஐ அனுமதி வேணுமான்னு ட்ராக் நிர்வாகத்திடமும் அந்தக் கூட்டமைப்பிடமும் கேட்டுக்கோங்க. ஒழுங்கான ஸ்பான்சர் இந்த ரெண்டு காகிதத்தையும் கேட்பார்.

சீசன் முடிஞ்ச பத்து நாளுக்குள் ஒவ்வொரு ஸ்பான்சருக்கும் ஒரு பக்க அறிக்கை அனுப்புங்க: எத்தனை பேர் ஓட்டினாங்க, எத்தனை பேர் பார்த்தாங்க, எத்தனை கோடு பயன்பட்டது, நாலு நல்ல போட்டோ. எண்ணிக்கை குறைவா இருந்தாலும் மறைக்காமல் அனுப்புங்க. மூணு பேர்தான் கோடு பயன்படுத்தினாங்கன்னா, மூணு என்றே எழுதி, அடுத்த சீசனில் என்ன மாத்துவீங்கன்னு ஒரு வரி சேருங்க. கடைக்காரருக்கு லாப நஷ்டம் பழக்கம். ஏமாத்தினதாத் தோணினால்தான் பொறுக்க மாட்டார்.

இந்த வார வேலை ஒண்ணே ஒண்ணு: மேலே கொடுத்த ஐந்து வரி பட்ஜெட்டை உங்க ட்ராக் ரேட்டோட போட்டுப் பாருங்க. ஸ்பான்சர் வரவு என்ற இடத்தில் பூஜ்யம் போடுங்க. அப்பவும் சீரிஸ் ஓடுதுன்னா, ஸ்பான்சரைத் தேடிக் கிளம்பலாம்.